வாய் மூடாத மஞ்சள் பூ

டெர்பி வெல்ஸ், ஐடஹோ
மே 19

மதிப்பிற்குரிய டாக்டர் சிக்ரிட் லுண்ட் அவர்களுக்கு,

சென்ற ஜூன் மாதம் எங்கள் காட்டுப்பூச் சங்கத்தின் வருடாந்திர விருந்துக்கு வந்திருந்தபோது, நான் கொண்டுவந்த எலுமிச்சை ஜெல்லியின் செய்முறையைக் கேட்டீர்கள். எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். பதினோரு மாதம் ஆகிவிட்டது. வந்த கடிதத்துக்கு மூன்று நாளில் பதில் போடுகிறவள் நான். இந்தத் தாமதம் எனக்கே பிடிக்கவில்லை. செய்முறை இந்தக் கடிதத்தில் உரிய இடத்தில் வரும். அதற்கு முன்னால் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கியபோது அப்படித்தான் சொன்னார்கள்: முதலில் யார், எங்கே, எப்போது. ஏன் என்பது கடைசியில்.

அல்சோலா ஊற்றுக்குக் கீழே, பாப்ளார் மர நிழலில் இருக்கும் நீள மேஜை. வடக்கு முனையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த மடக்கு நாற்காலியில் சங்கத் தலைவி நெட்டி ஹைபர்க். என் நாத்தனார், வயது எழுபத்தெட்டு, முழங்கால் மடங்காது. அவருக்கு வலப்பக்கம் பெஞ்சில் நீங்கள். உங்களுக்கு அடுத்து, முழங்கை இடிக்கிற நெருக்கத்தில் ட்வைட் ஆர்ம்ஸ்பி, ஓய்வுபெற்ற பல் வைத்தியர். கைபேசியில் உங்களுக்குப் படம் காட்டிக்கொண்டே இருந்தார். எதிர் பெஞ்சில் மார்ட்டின் அல்சோலா, நிலமும் ஊற்றும் முந்நூறு செம்மறி ஆடுகளும் அவருடையவை. மேஜைக்கு அடியில் அவருடைய நாய். தெற்கு முனையில், பாத்திரங்களுக்குப் பக்கத்தில் நான், சங்கச் செயலாளர். பரிமாற வசதி என்று அந்த இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் சங்கத்தின் வழக்கம் ஒன்றை நெட்டி உங்களுக்கு அன்று அரைகுறையாகச் சொன்னார், நான் முழுசாகச் சொல்கிறேன். விருந்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பண்டம் கொண்டுவர வேண்டும். அதில் காட்டில் கிடைத்த ஏதாவது ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். என்னவென்று சொல்லக் கூடாது. மற்றவர்கள் நாக்கை வைத்தே இனம் கண்டு, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டுகளைப் படித்து யார் ஜெயித்தார் என்று சொல்வது செயலாளர் வேலை. ஜெயித்தவருக்கு ஒரு மரக்கரண்டி. விபத்து வராமல் இருக்க ஒரே ஒரு விதி: சங்கத்தின் பூப் பட்டியலில் 'உண்ணலாம்' என்று குறியிட்ட செடிகளை மட்டுமே சேர்க்க வேண்டும். அந்த விதியை நான் மீறவில்லை. வரிசை எண் 41-க்கு அந்தக் குறி இருக்கிறது.

பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பூக்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகளின் பட்டியல் அது. இருபத்தேழு வருடங்களாக நான் தொகுத்தது. நூலகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் கோடை விடுமுறையில் அதன் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள். இந்த ஊரில் என் பெயர் எழுதியிருக்கிற பொருள்கள் இரண்டுதான். ஒன்று அந்தப் பட்டியல். இன்னொன்று என் வீட்டுத் தபால் பெட்டி, அதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பட்டியலில் வரிசை எண் 41: மஞ்சள் குரங்குப்பூ. ஓடைக்கரை, ஊற்றுக்கண், ஈரப்பாறை. அல்சோலா ஊற்றில் காணலாம். சாதாரணம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ட்வைட் இந்த ஊருக்குக் குடிவந்தார். நல்ல மனிதர். தலை வணங்கிப் பேசுவார், சந்தாவை நேரத்துக்குக் கட்டுவார். என்னிடம் இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் அவரிடம் இருந்தது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. சென்ற வருடத்துக்கு முந்தைய கோடையில் அவர் அல்சோலா ஊற்றுக்கு மேலே, தண்ணீர் கசிகிற கறுப்புப் பாறையின் அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு நாற்பத்தொன்றாம் எண்ணின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறார். குரங்குப்பூவுக்கு உதடு உண்டு, தொண்டை உண்டு, பூவைத் தாங்குகிற பச்சைக் கிண்ணத்தின் விளிம்பில் ஐந்து பல்லும் உண்டு. பல் என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர்களால் வந்த வினை இது. வேறு எந்தப் பெயர் வைத்திருந்தாலும் ட்வைட் அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்.

சென்ற வருடம் மார்ச் மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, பாறை அடியில் இருப்பது மஞ்சள் குரங்குப்பூ இல்லை என்றார். இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம், உலகத்தில் அந்தப் பாறை அடியில் மட்டும் இருக்கிறது, மொத்தம் முப்பது சொச்சம் செடிதான் என்றார். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் வழக்கம்போல நெட்டியைப் பார்த்தார்கள்.

"பல்லு புடுங்குன புத்தி போகல பாரு. பூவோட வாயையும் தொறந்து பாத்திருக்கான்" என்றார் நெட்டி.

"நெட்டி, சாதாரணப் பூவுக்கு மேல்பல்லு ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கும். காய் முத்துனதும் கீழ்ப்பல்லு ரெண்டும் மேல மடங்கி வாயை மூடிக்கும். இதுக்கு அஞ்சு பல்லும் ஒரே உயரம். காய் முத்துனாலும் மடங்கல. நாப்பது வருஷம் பல்லு பாத்தவன் சொல்றேன்."

"எனக்கும் எல்லாப் பல்லும் ஒரே உயரம்தான், கட்டுன பல்லு. என்னையும் புது இனம்னு எழுதிக்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். ட்வைட்டும் சிரித்தார். சிரித்துவிட்டு இரண்டாவது அடையாளத்தைச் சொன்னார். குரங்குப்பூவின் தொண்டைக்குள் சூல்முடி இரண்டு சின்ன உதடு மாதிரி விரிந்திருக்கும். புல் நுனியால் தொட்டால் சில நொடியில் உதட்டை மூடிக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதைத் தொட்டு விளையாடியிருக்கிறார்கள். பாறை அடிப் பூ மூடுவதில்லை என்றார் ட்வைட். எத்தனை தடவை தொட்டாலும் வாயைத் திறந்தபடியே இருக்கிறதாம். உங்கள் தாவரக் காப்பகத்துக்கு எழுதியிருப்பதாகவும், ஜூன் இரண்டாம் சனிக்கிழமை ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு நீங்களே வந்து பார்க்கப்போவதாகவும் சொன்னார்.

அவர் சொன்னது சரி என்று நீங்கள் சொல்லிவிட்டால் இரண்டு காரியம் நடக்கும். என் நாற்பத்தொன்றாம் எண் இருபத்தேழு வருடமாகத் தப்பு என்று ஆகும். அந்தப் பூ காலகாலத்துக்கும் லத்தீனில் ஆர்ம்ஸ்பி என்கிற பெயரில் இருக்கும். இந்த இரண்டும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் கவலைப்பட்டது மார்ட்டினுக்காக. அபூர்வப் பூ என்று ஆகிவிட்டால் ஊற்றைச் சுற்றி வேலி வந்துவிடும், அவருடைய ஆடுகளுக்குத் தண்ணீர் இருக்காது. அன்றைக்குக் கூட்டத்தில் மார்ட்டின் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். அவர் முகத்தில் இருந்தது கவலை என்று எனக்குப் பட்டது. என்னுடன் ஒரே வகுப்பில் படித்தவர் அவர். அவர் முகம் எனக்குத் தெரியாதா.

நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது என் வேலை. பன்னிரண்டு மணிக்கு விருந்து, ஒன்றரைக்குப் பூ பார்த்தல் என்று போட்டேன். நீங்கள் முதலில் பூவைப் பார்த்துவிடலாமே என்று கேட்டீர்கள், ட்வைட்டும் அதையே சொன்னார். பசியோடு இருப்பவர்கள் நுணுக்கமாகப் பார்க்க முடியாது என்று நான் சொன்னேன். நெட்டிக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

என் பங்குக்கு ஒரு பச்சைக்கீரை சாலட் கொண்டுவந்திருந்தேன். முள்ளங்கி, வினிகர், கொஞ்சம் சர்க்கரை, அதோடு ஒரு கை நிறையக் கீரை. அன்றைய துண்டுச் சீட்டுகள் இப்போது என் முன்னால் இருக்கின்றன. நான் எதையும் தூக்கிப்போடுவதில்லை. நெட்டி எழுதியது: 'கடையில் வாங்கிய லெட்டூஸ். லவோன் ஏமாற்றுகிறாள்.' மார்ட்டின் சீட்டு வெறுமையாக இருந்தது. அவர் கீரையைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவைத்து, "எங்க வீட்டுல இதெல்லாம் நாலு காலு இருக்கறவங்க திங்கிறது" என்றார். நீங்கள் எழுதியது: 'இனம் தெரியவில்லை. ஆனால் நன்றாக இருக்கிறது.' எழுதிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டீர்கள். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த மேஜையில் சரியாக இனம் கண்டவர் நீங்கள் ஒருவர்தான்.

ட்வைட் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். பிறகு அழகான கையெழுத்தில் எழுதினார்: 'ஓடைக்கீரை. வடக்குச் சரிவில், விடியற்காலையில் பறித்தது. லேசான உப்புச் சுவையே அதற்கு அத்தாட்சி.' விடியற்காலை என்பது சரி. ஆறு மணி பத்து நிமிடம். நான் எழுந்து நின்று, ஓடைக்கீரைதான், ட்வைட் ஜெயித்தார் என்று அறிவித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். மரக்கரண்டியை வாங்கும்போது அவர் காது மடல் சிவந்துவிட்டது. மூன்று வருடத்தில் முதல் வெற்றி அவருக்கு. உங்களிடம் திரும்பி, "நல்ல சகுனம்" என்றார். அதன் பிறகு ஜெல்லி வந்தது. நீங்கள் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, ஏதோ ஒரு மெல்லிய மணம் இருக்கிறதே, அது என்ன என்று கேட்டீர்கள். அன்னாசிப் பழம் என்றேன். அதுவும் இருந்தது.

ஒன்றரை மணிக்குக் கறுப்புப் பாறைக்கு ஏறினோம். நெட்டி வரவில்லை, கீழே இருந்தபடியே வேகமாகப் போங்கள் என்று கத்தினார். ட்வைட் முன்னால் ஓடினார், எழுபது வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நாம் போய்ச் சேர்ந்தபோது அவர் பாறை முன்னால் மண்டியிட்டிருந்தார். பாறை அடியில் ஈரமண் மட்டும் இருந்தது. ஒரு செடி இல்லை. ஓர் இலை இல்லை. மண்ணில் அங்கங்கே ஆட்டுப் புழுக்கை கிடந்தது.

நீங்கள் மிகவும் பண்போடு நடந்துகொண்டீர்கள். கைபேசிப் படத்தில் பல் தெளிவாகத் தெரியவில்லை, கையில் செடி இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது, செடி இல்லையென்றால் இனமும் இல்லை என்று மெதுவாகச் சொன்னீர்கள். ஒரு செடியையாவது பறித்து அழுத்தி வைக்கவில்லையா என்று கேட்டீர்கள். முப்பது செடிதான் இருக்கிறது, நீங்கள் வந்து பார்க்கும்வரை ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்று விட்டுவைத்தேன் என்றார் ட்வைட். அது அவருடைய நேர்மை. எனக்கு அது உதவியாக இருந்தது. மார்ட்டின் குனிந்து ஒரு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஐந்து மணி நேரம் வீணாக்கிவிட்டதற்கு ட்வைட் உங்களிடம் மன்னிப்புக் கேட்டார். மரக்கரண்டி அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

அந்த வாரமே மார்ட்டின் பாறையைச் சுற்றி வேலி போட்டுவிட்டார். காலி மண்ணுக்கு வேலி. அவர் ஆடுகள் தின்றதற்கு அவரால் முடிந்தது அதுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜூலையில் ஒரு நாள் ட்வைட் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உங்க பட்டியல்தான் சரி லவோன். ஆசையில பாத்தா எந்தப் பல்லும் நேராத்தான் தெரியும். கூட்டத்துல எல்லார் முன்னாலயும் உங்க வேலையைத் தப்புன்னு சொல்லிட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

மன்னித்தேன். பெருந்தன்மையோடு மன்னித்தேன் என்றே சொல்லலாம், ஒரு ஜாடி ஊறுகாயும் கொடுத்தனுப்பினேன். அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அவர் மன்னிப்புக் கேட்டதை ஒரு வரியில் பதிவு செய்தேன். அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வண்டி அல்சோலா ஊற்றுப் பக்கம் நிற்பதை நெட்டி பார்த்திருக்கிறார். "காலி மண்ணுல என்னத்தத் தேடறானோ, விழுந்த பல்லத் தேடற மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இப்போது ஜெல்லியின் செய்முறை.

எலுமிச்சை ஜெல்லிப் பொடி இரண்டு பொட்டலம். கொதிக்கும் தண்ணீர் மூன்று கிண்ணம். டப்பாவில் வரும் அன்னாசித் துண்டு ஒரு டப்பா, சாற்றை வடித்தது. புதுப் பழம் போட்டால் ஜெல்லி உறையாது, அதைக் கவனிக்கவும். பூ நாற்பத்துநான்கு. பூவைக் காம்பும் பச்சைக் கிண்ணமும் நீக்கி மூன்று தண்ணீரில் அலச வேண்டும், தொண்டைக்குள் எறும்பு இருக்கும். ஜெல்லி சூடாக இருக்கும்போது பூவைப் போட்டால் மிதந்து மேலே வந்துவிடும், பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, பாதி உறைந்த பிறகு ஒவ்வொன்றாகத் தலைகீழாக அழுத்த வேண்டும். மஞ்சளுக்குள் மஞ்சள் தெரியாது. அன்னாசியும் இருந்தால் சுத்தமாகத் தெரியாது. ஏழேகாலுக்கு வைத்தால் பதினொன்றரைக்குத் தயார். இலையையும் தண்டையும் வீணாக்க வேண்டாம், சாலட்டுக்கு ஆகும்.

செடிகள் முப்பத்தொன்று. பழைய மேஜைக்கரண்டியால் வேரோடு எடுத்தேன், மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினேன். புழுக்கையை ஒரு காகிதப் பையில் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். எதையும் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுவது எனக்குப் பழக்கமில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், என் மனசாட்சி சொல்லி எழுதுகிறேன். மனசாட்சி விழித்துக்கொண்ட அதே வாரத்தில் மார்ட்டின் என் வீட்டுக்கு வந்தது தற்செயல். போன செவ்வாய்க்கிழமை வந்தார். காபியைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியே பேசினார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"லவோன், அது வெள்ளாட்டுப் புழுக்கை."

எது என்று கேட்டேன்.

"என் ஆடுங்க ஜூன் மாசம் பச்சைப்புல்லு திங்குதுங்க. அதுங்க போடறது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுச் சேறா இருக்கும். அங்க கெடந்தது தனித்தனியா, உருண்டையா, காஞ்ச புல்லு தின்னு போட்டது. ஊர்ல வெள்ளாடு வச்சிருக்கறது நெட்டி ஒருத்திதான். அவளால குனிய முடியாது. அவ வீட்டுக்கு அடுத்த வீட்டுல யார் இருக்கறான்னு எனக்குத் தெரியும்."

பதினோரு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீயே சொல்லுவாய் என்று பார்த்தேன் என்றார். உன் ஆடுகளுக்காகத்தான் செய்தேன், ஊற்றில் வேலி வந்தால் அவை தாகத்தில் என்ன செய்யும் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அன்னிக்கே சொன்னேனே. பாறையைச் சுத்தி வேலி போட்டுடறேன், கம்பி என்கிட்ட கெடக்கு, தண்ணிய குழாய்ல கீழ தொட்டிக்கு எடுத்துக்கறேன்னு. நீதானே எழுதிக்கிட்ட."

அவர் போன பிறகு மார்ச் மாதக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. என் கையெழுத்தில், தெளிவாக, பிழையில்லாமல். போகும்போது அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "நீ எழுதறியா, நான் எழுதவா? எனக்கு எழுத்து அவ்வளவா வராது." அவர் கையெழுத்தை நீங்கள் பார்த்ததில்லை. உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

பழைய குறிப்பேடுகளைக் கையில் எடுத்ததால் முதல் வருடத்துக் குறிப்பேட்டையும் பார்த்தேன். 41-ஆம் எண்ணுக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் எழுதி, ரப்பர் போட்டு அழித்த தடம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். 'தொட்டேன். வாய் மூடவில்லை. மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.' அந்த வாரம் பட்டியலை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் மழை, பாதை சேறாகிவிட்டது. மறுபடி போகவில்லை. அழித்தது எப்போது என்று நினைவில்லை. ட்வைட் மார்ச் மாதம் பேசிய அன்று மாலையாக இருக்கலாம். ரப்பர் துகள் பக்கத்துக்கு இடையில் இன்னும் புதிதாக இருக்கிறது.

ஆக, அந்தப் பூவை முதலில் பார்த்தவள் நான். இதை ஒரு தகவலுக்காக மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. அன்று காலை கீரையை ஆய்ந்தபோது அடிப்பக்கத்தில் முத்திய காய்களைத் தனியே கிள்ளிவைத்தேன். இரக்கத்தால் செய்தது என்று சொல்லமாட்டேன். விதை கசகசாவைவிடச் சிறியது, சாலட்டில் போட்டால் பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேஜையில் ஒரு பல் வைத்தியர் இருக்கப்போகிறார் என்பது என் நினைவில் இருந்தது. காய்களை ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி, இழுப்பறையில் வைத்தேன். நான் எதையும் தூக்கிப்போடுவதில்லை என்று முன்பே சொன்னேன். பிப்ரவரியில் ஈரப் பஞ்சில் தூவினேன். இப்போது சமையலறை ஜன்னலில் பத்தொன்பது செடி நிற்கிறது. நேற்று முதல் பூ விரிந்தது. புல் நுனி கிடைக்காததால் துடைப்பக் குச்சியால் தொட்டேன். ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு மூடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காதது போல அப்படியே திறந்திருந்தது. இன்னொரு தடவை தொட்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

பல்லையும் பார்த்தேன். ஐந்தும் ஒரே உயரம். ட்வைட் சொன்னது சரி.

இணைப்புகள் மூன்று. ஒன்று, விருந்து நாள் நடவடிக்கைக் குறிப்பின் திருத்தம். 'ஓடைக்கீரை' என்பதை அடித்துவிட்டு 'வரிசை எண் 41' என்று எழுதியிருக்கிறேன். அதன்படி ட்வைட்டின் வெற்றி செல்லாது, மரக்கரண்டி உங்களுக்கு வர வேண்டும். இருபத்தேழு வருடக் குறிப்புகளில் நான் எழுதிய ஒரே பொய் அது. இரண்டு, செய்தித்தாளில் அழுத்திய ஒரு முழுச் செடி, வேரும் பூவுமாக. மூன்று, உறையில் மிச்சம் இருந்த விதை. மீதிப் பதினெட்டுத் தொட்டிகளையும் வருகிற சனிக்கிழமை மார்ட்டின் தன் வேலிக்குள் நட்டுவிடப்போகிறார். ட்வைட்டையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை. லென்ஸ் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வாசலில் நின்று அன்று அவர் பேசியது போல என்னால் பேச முடியுமா என்று தெரியவில்லை, அதனால் அவருக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கேட்கவில்லை.

செடியோடு இருக்கும் சீட்டை நானே நிரப்பியிருக்கிறேன். சேகரித்தவர்: எல். டாகெட். இடம்: அல்சோலா ஊற்று, என் சமையலறை ஜன்னல் வழியாக. பெயர் வைக்கும் விஷயத்தில் எனக்கு எந்த ஆசையும் இல்லை. எழுபத்தொரு வயதில் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன். ட்வைட்டின் பெயரையே வைக்கலாம், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் அதை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு ஓடைக்கீரை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் என்பதை உங்கள் காப்பகம் கருத்தில் கொள்ளுமானால், அது உங்கள் முடிவு.

தபால் வண்டி பதினோரு மணிக்கு வரும். நெட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏண்டி லவோன், காலையிலேர்ந்து யாருக்குடி இவ்வளவு எழுதற, கோர்ட்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சமையல் குறிப்பு என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
லவோன் டாகெட்
செயலாளர், டெர்பி வெல்ஸ் காட்டுப்பூச் சங்கம்

(உறையின் பின்புறம்)

உறையை ஒட்டிய பிறகு நினைவு வந்தது, வண்டியும் திருப்பத்தில் வந்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன். டாகெட் என்பதில் 'ஜி' இரண்டு, 'டி' கடைசியில் இரண்டு. லத்தீனில் மாற்றும்போது எதையும் விட்டுவிட வேண்டாம்.